தெருவில் வணிக வளாகம் வருகிறதா? பிளானில் பார்க்கிங்கும் போக்குவரத்தும் பாதுகாப்பாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழிகாட்டி

குடியிருப்புத் தெருவில் ஒரு காலி மனை. கீழே சூப்பர் மார்க்கெட், முதல் மாடியில் கிளினிக், அதற்கு மேல் டியூஷன் சென்டர் என்று ஒரு கட்டடம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தெருவில் ஏற்கெனவே மாலை ஆறு மணிக்கு நகர முடியவில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் வேறு. "இங்கே இது சரிவருமா?" என்று கேட்க நினைக்கிறீர்கள். யாரைக் கேட்பது, எதை வைத்துக் கேட்பது என்று தெரியவில்லை.

எங்கள் நலச்சங்கம் இந்த வழியில் மாதக்கணக்கில் அலைந்தது. எங்களில் யாரும் போக்குவரத்துப் பொறியாளர் இல்லை. தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. அனுமதி தரும் அலுவலகங்கள் இவை: சென்னைப் பெருநகரப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி., சிறிய கட்டடங்களுக்கு மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள். எந்த அலுவலகமாக இருந்தாலும் அடிப்படை விதி ஒன்றுதான்: 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்குப் பிறகு பல திருத்தங்கள் வந்திருப்பதால், திருத்தங்களோடு சேர்ந்த பிரதியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து மனுவில் எழுதினால், அந்த ஒரு பிழையைக் காட்டியே முழு மனுவையும் ஓரம் கட்டிவிடுவார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பிளானில் "தேவையான கார் பார்க்கிங் இவ்வளவு, கொடுத்திருப்பது இவ்வளவு" என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் எண்கள் பொருந்திவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். வண்டி ரோட்டை மறிக்காமல் உள்ளே நுழைந்து, நின்று, திரும்பி, முன்பக்கமாக வெளியே வர முடிகிறதா என்பதை அந்த அட்டவணை சொல்லாது. அதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

1. விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதா, அனுமதி கொடுத்துவிட்டார்களா, கட்டத் தொடங்கிவிட்டார்களா? இதைப் பொறுத்து நீங்கள் செய்யக்கூடியது மாறும். பரிசீலனையில் இருக்கும்போது சொல்லும் ஒரு வார்த்தைக்கு, அனுமதிக்குப் பிறகு எழுதும் பத்து மனுவைவிட மதிப்பு அதிகம்.

சிக்கல் என்னவென்றால், சாதாரணத் திட்ட அனுமதி விண்ணப்பத்துக்கு அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் வரும் என்று காத்திருக்க முடியாது. குடியிருப்பு என்று வகைப்படுத்திய நிலத்தை வணிக உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருந்தால் மட்டும் பத்திரிகை அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபனை சொல்ல நாள் குறிப்பார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மற்றபடி மனையைச் சுற்றித் தகரம் அடிப்பது, போர் போடுவது, மண் பரிசோதனைக்கு ஆள் வருவது இவைதான் உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

வேலை ஆரம்பித்த இடத்தில் அனுமதி விவரம் எழுதிய பலகை இருக்க வேண்டும். இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டடத்தின் உயரத்தையும் கவனியுங்கள். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். அதற்குத் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதாவது போக்குவரத்தை ஏற்கெனவே ஒருவர் பார்த்து நிபந்தனை போட்டிருப்பார், அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும். நம் தெருக்களில் வரும் மூன்று, நான்கு மாடி வளாகங்கள் பெரும்பாலும் இந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு நீங்கள் பார்க்காவிட்டால் தெருப் போக்குவரத்தைத் தனியாக யாரும் ஆராயாமலே போகலாம்.

2. காகிதங்கள், செலவு, நாட்கள்

வாங்க வேண்டியவை: முழு மனையையும் காட்டும் சைட் பிளான், ஒவ்வொரு மாடியின் பிளான், பேஸ்மென்ட் இருந்தால் அதன் குறுக்குவெட்டுப் படம், பார்க்கிங் கணக்கீட்டு அட்டவணை, தடையின்மைச் சான்றுகள், அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகள். இவற்றோடு மனையின் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது எல்லை அளவுகளைக் காட்டும் நில அளவை வரைபடம். இது வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கும்.

கட்டுகிறவரிடம் நேரடியாகவே முதலில் கேட்டுப் பாருங்கள். "பிளானை ஒருமுறை பார்க்கலாமா சார்?" என்று கேட்டால் சிலர் சந்தோஷமாகவே காட்டுவார்கள். கடைக்கு வரப்போகும் வாடிக்கையாளர்கள் நீங்கள்தானே. கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். நகல் சாதாரணத் தாளுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பெரிய வரைபடத்துக்கு ஆகும் செலவைக் கேட்டு எழுதுவார்கள். பதில் தர 30 நாள். மனை உரிமையாளர் சம்பந்தப்பட்ட மூன்றாம் தரப்புத் தகவல் என்று அவருக்கு நோட்டீஸ் அனுப்பினால் 40 நாள் வரை போகும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆகவே நகல் கையில் வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, 5-ஆம், 6-ஆம் படிகளைப் பிளான் இல்லாமலே தொடங்கலாம்.

மனுவில் கேள்வி கேட்காதீர்கள். "இந்தத் தெருவில் எப்படி அனுமதி கொடுத்தீர்கள்?" என்று எழுதினால், அது தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் சேர்த்தே கேளுங்கள். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு நகலைத் தர இழுத்தடித்த அலுவலகம், நேரில் பார்க்கக் கேட்டதும் கோப்பை மேசையில் வைத்துவிட்டது. ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோய், அளவுகளை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தோம்.

3. பிளானில் முதலில் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல, ரோட்டை

மனையின் முன்னால் "12.0 மீ. அகல ரோடு" என்பது போல ஒரு வரி எழுதியிருக்கும். இதுதான் பிளானின் அஸ்திவாரம். எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு, எந்த உபயோகம் என்பதெல்லாம் ரோட்டின் அகலத்தைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 30 மீட்டர் டேப்பும் இரண்டு பேரும் போதும். விடியற்காலையில் போய், மனைக்கு முன்னால் ஒரு இடம், தெரு முனையில் ஒரு இடம், நடுவில் மிகக் குறுகலாகத் தெரியும் இடம் என்று அளந்து எழுதுங்கள். எஃப்.எம்.பி.-யில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். மனை வாசலில் 12 மீட்டர் இருந்து, மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் 7 மீட்டராகச் சுருங்கினால், வரும் வண்டி முழுவதும் அந்த 7 மீட்டருக்குள்தான் புகுந்து வர வேண்டும். இதைப் போட்டோவோடு காட்டுங்கள்.

ரோட்டின் சட்டப்படியான அகலம் வேறு, வண்டி ஓடும் அகலம் வேறு. மழைநீர் வடிகால், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், நிரந்தரமாக நிற்கும் வண்டிகள் போக மிச்சம் என்ன என்பதைத் தனியாகக் குறியுங்கள்.

இன்னொன்று: நகல் எடுத்த பிளானின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஒன்றுக்கு நூறு அளவில் வரைந்த பெரிய தாளைச் சின்னத் தாளில் சுருக்கித் தருவார்கள், அளவு மாறிப்போயிருக்கும். எழுத்தில் உள்ள அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாத இடத்தை "அளவு குறிப்பிடப்படவில்லை" என்றே பதிவு செய்யுங்கள்.

4. வண்டியை விரலால் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் தரையில் ஓட்டிப் பாருங்கள்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிளானை விரித்து, கேட்டில் விரலை வைத்து, ஒவ்வொரு பார்க்கிங் கட்டத்துக்கும் போய்த் திரும்பி வாருங்கள்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஒரு டூ வீலருக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். ஓடுவழி, அதாவது மனைக்குள் வண்டி ஓடும் பாதை, ஒருவழி என்றால் 3.5 மீட்டர், இருவழி என்றால் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. இவற்றை வைத்துக்கொண்டு கீழே சொல்லும் இடங்களைத் தேடுங்கள்.

தூண்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் மூன்று கார் என்று காட்டியிருப்பார்கள். மூன்று காருக்கு 7.5 மீட்டர் வேண்டும். தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு 7.5 மீட்டர் என்று எழுதியிருந்தால், 30 சென்டிமீட்டர் தூணில் உள்ளே கிடைப்பது 7.2 மீட்டர். பூச்சும் போக ஒரு காருக்கு 2.4 மீட்டர்கூட இல்லை. ஓரத்தில் தூணை ஒட்டி நிற்கும் காரின் கதவு திறக்காது. முதல் வாரம் மூன்று கார் நிற்கும், அப்புறம் இரண்டுதான். மூன்றாவது கார் ரோட்டில் நிற்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது. பின்னால் நிற்கும் காரை எடுக்க முன்னால் நிற்பவர் வர வேண்டும். ஒரே வீட்டுக்காரர்களுக்குச் சரி, கடைக்கு வருகிறவர்களுக்கு நடக்காத காரியம். இப்படிக் காட்டியிருக்கும் உள் வரிசையை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அடுக்கு பார்க்கிங் இயந்திரம் காட்டியிருந்தால், யார் இயக்குவார், கரண்ட் போனால் என்ன, உயரமான வண்டி ஏறுமா, கீழே உள்ள காரை எடுக்காமல் மேலே உள்ளதை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ரோட்டைப் பார்த்தபடி நேராக நிறுத்துவது. இதுதான் நான் பார்த்ததிலேயே மோசமானது. முன் செட்பேக்கில், அதாவது கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவில் விட வேண்டிய காலியிடத்தில், வரிசையாகக் கார்களை நிறுத்தி, நடைபாதை முழுவதையும் வாசலாக்கிவிடுவார்கள். வெளியே போகும் ஒவ்வொரு காரும் பின்பக்கமாக நடைபாதையைத் தாண்டி ரோட்டுக்குள் இறங்க வேண்டும். பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. பிளானில் இப்படி ஒரு வரிசை இருந்தால், ஆட்சேபனையில் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும்.

பேஸ்மென்ட் ராம்ப். சரிவு எட்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. கணக்கு எளிது: பேஸ்மென்ட் தரை 3 மீட்டர் கீழே என்றால் ராம்ப் குறைந்தது 24 மீட்டர் நீளம் வேண்டும். பிளானில் 15 மீட்டர்தான் இருக்கிறதா? அது ஐந்துக்கு ஒன்று. மழையில் ஸ்கூட்டர் வழுக்கும், பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள். ராம்ப் மேலேறி முடியும் இடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு கார் சமதளத்தில் நிற்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மூக்கைத் தூக்கியபடி ஏறிவரும் காரின் ஓட்டுநருக்கு நடைபாதையில் யார் வருகிறார் என்றே தெரியாது.

காகிதத்தில் சந்தேகம் வந்தால் தரையில் வரைந்துவிடுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியாகக் கிடந்த மைதானத்தில் பிளானின் ஒரு மூலையை அப்படியே கோலமாவில் போட்டோம். தூண் வரும் இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. ஓடுவழி 4.2 மீட்டர், அதற்குச் செங்குத்தாகக் கார் வரிசை. எங்கள் செயலாளர் தன் காரை உள்ளே விட்டார். நீளமான வண்டிகூட இல்லை, சாதாரண ஹேட்ச்பேக். முன்னும் பின்னும் பலமுறை அசைத்தும் நாற்காலியை இடிக்காமல் கட்டத்துக்குள் போக முடியவில்லை. செங்குத்தாக நிறுத்தும் வரிசைக்கு முன்னால் சுமார் 6 மீட்டர் காலியிடம் இருந்தால்தான் ஒரே திருப்பத்தில் உள்ளே போகலாம். அதை வீடியோ எடுத்து மனுவோடு கொடுத்தோம். பத்துப் பக்கக் கடிதத்தைப் படிக்காதவர்கூட அந்த வீடியோவைப் பார்த்தார்.

5. கேட்டில் நின்று பாருங்கள்: கண்ணுக்கு எது தெரிகிறது?

வெளியே வரும் ஓட்டுநருக்கு ரோடு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதுதான் கேள்வி. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுகளில் வண்டி நிற்கத் தேவையான தூரம் இருக்கிறது: 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 மீட்டர், 40-க்கு 45 மீட்டர், 50-க்கு 60 மீட்டர், 60-க்கு 80 மீட்டர். ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கேட் வரப்போகும் இடத்தில், மனைக்கு உள்ளே, கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். மனைக்குள் விடவில்லை என்றால் வேலியோரம் நின்று, அந்த உயரத்தில் மொபைலைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். இன்னொருவர் ரோட்டோரமாக 45 மீட்டர் நடந்துபோய்க் கையைத் தூக்கட்டும். தெரிகிறாரா? வரப்போகும் காம்பவுண்டுச் சுவர், டிரான்ஸ்பார்மர், பெட்டிக்கடை, எப்போதும் நிற்கும் ஷேர் ஆட்டோ, திருவிழா பேனர் என்று மறைப்பது எதுவானாலும் எழுதுங்கள். மாலையில் ஒருமுறை, ரோட்டோரம் வண்டிகள் நிரம்பியிருக்கும்போது, இதையே திரும்பச் செய்யுங்கள். காலியான ரோட்டில் தெரிவது மாலையில் தெரியாது.

கேட் தெரு முனைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? முனையை ஒட்டியிருந்தால், உள்ளே நுழையக் காத்திருக்கும் மூன்று கார்கள் மெயின் ரோட்டை அடைத்துவிடும். இரண்டு ரோட்டைத் தொடும் மூலை மனை என்றால் வாசலை முனையிலிருந்து முடிந்த அளவு தள்ளிவைக்கக் கேளுங்கள். டோக்கன் கொடுக்கும் இடம் அல்லது தடுப்புக் கம்பம் கேட்டிலேயே இருந்தால், இரண்டாவது காரே ரோட்டில்தான் நிற்கும். அதைக் குறைந்தது இரண்டு கார் நீளம் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். கட்டுகிறவருக்கும் செலவில்லாத திருத்தம் இது.

மனை தேசிய நெடுஞ்சாலையையோ மாநில நெடுஞ்சாலையையோ ஒட்டியிருந்தால், அந்த ரோட்டில் வாசல் திறக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. எத்தனை வண்டி வரும்? எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்

"ரொம்ப டிராஃபிக் ஆகும் சார்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எண்ணோடு எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் உங்கள் தெரு. சாதாரண வேலைநாள் காலை, மாலை, அப்புறம் சனிக்கிழமை மாலை. பள்ளி விடுமுறையிலும் மழைநாளிலும் எண்ணாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள், டூ வீலர், ஆட்டோ, கார், பஸ்–லாரி என்று நான்கு பத்தி, நான்கு கோடும் ஒரு குறுக்குக் கோடும் போட்டு எண்ணினாலே போதும். தெரு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணியதை ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும், அதுதான் கார் அலகு: ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற கணக்கு. சாலைக் காங்கிரசின் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில், மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வகைக்கு டூ வீலர் 0.75, ஆட்டோ 2. கார் எப்போதும் 1. மிகக் குறைவாகவே வரும் பஸ், லாரிக்கு 2.2. ஓர் உதாரணம்: ஒரு மணி நேரத்தில் 400 டூ வீலர், 150 கார், 70 ஆட்டோ, 10 பஸ். 300 + 150 + 140 + 22 என்று 612 கார் அலகு. வண்டி நிறுத்தமும் வாசல்களும் நிறைந்த இருவழித் தெருவுக்கு அதே வழிகாட்டி கொடுக்கும் அளவு, இரண்டு திசையும் சேர்த்து மணிக்கு 900. மிச்சம் 288. தெரு இரண்டு வண்டி தாராளமாகப் போகும் அகலம்கூட இல்லையென்றால் அந்த 900-ஐயே எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது புதிய கட்டடம். இதற்குச் சிறந்த வழி, உங்கள் ஊரிலேயே ஏற்கெனவே ஓடும் அதே மாதிரிக் கடையின் வாசலில் நின்று எண்ணுவது. 600 சதுர மீட்டர் கடைக்கு ஒரு மணி நேரத்தில் 90 வண்டி உள்ளே, 80 வெளியே என்று வைத்துக்கொள்வோம். வரப்போவது 1,500 சதுர மீட்டர், அதாவது இரண்டரை மடங்கு. உள்ளே 225, வெளியே 200, மொத்தம் 425. நான்கில் மூன்று டூ வீலர் என்றால் சுமார் 345 கார் அலகு. மிச்சம் இருந்ததோ 288.

பார்க்கிங்குக்கும் இதே கணக்கு உதவும். மணிக்கு உள்ளே வரும் 225-இல் கார் 56. ஒரு கார் சராசரி 45 நிமிடம் நிற்கிறது என்றால், ஒரே நேரத்தில் உள்ளே நிற்பது 56-இல் முக்கால் பங்கு, அதாவது 42 கார். பிளான் அட்டவணையில் 24 இருந்தால், அது விதிப்படி சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பதினெட்டுக் கார் எங்கே நிற்கும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நிற்கும் நேரத்தையும் நீங்களே பாருங்கள். நம்பரைக் குறித்துக்கொண்டு, வந்த நேரம், போன நேரம் எழுதினால் தெரிந்துவிடும்.

கட்டடத்தின் உபயோகத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாகும். டியூஷன் சென்டரில் ஒரு கார்கூட நிற்காது. ஆனால் எட்டு மணிக்கு வகுப்பு விட்டதும் அத்தனை பெற்றோரும் ஒரே பத்து நிமிடத்தில் ரோட்டில் நிற்பார்கள். அங்கே கேட்க வேண்டியது பார்க்கிங் எண்ணிக்கையை அல்ல, ஏற்றி இறக்க மனைக்குள் தனி வழியை. கல்யாண மண்டபம் என்றால் முகூர்த்த நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து, மணிக்கணக்கில் இருப்பார்கள். வேனும் பஸ்ஸும் வரும். பிளானில் வெறுமனே "வணிகம்" என்று போட்டிருந்தால், என்ன வணிகம் என்று எழுத்தில் கேளுங்கள். துணிக்கடை என்று சொல்லிவிட்டு உணவகம் வந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

7. நடந்து வருகிறவர்கள்

நடைபாதையில் தடங்கல் இல்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், கடைகள் உள்ள இடத்தில் 2.5 மீட்டர். கேட் வரும் இடத்தில் நடைபாதையை வெட்டி இறக்காமல், கார்தான் ஏறி இறங்கும்படி நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். கடைப் படிக்கட்டும் சாய்தளமும் மனைக்குள்ளேயே முடிகின்றனவா, வடிகால் மூடியைத் தாண்டி ரோட்டில் கால் வைக்கின்றனவா? நம் ஊரில் இதுதான் எங்கும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் காருக்கு 3.6 மீட்டர் அகலமுள்ள இடம், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகக் கூடாது. காரை விட்டு இறங்கியவர் ஓடுவழியிலேயே நடந்துதான் லிப்டுக்குப் போக வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

8. கடைக்காரருக்கே மறந்துபோகும் வண்டிகள்

சரக்கு டெம்போ, தண்ணீர் லாரி, குப்பை வண்டி, கழிவுநீர் லாரி, டெலிவரி பையன்களின் பைக். இவற்றுக்குப் பிளானில் இடமே இருக்காது. "இவை எங்கே நிற்கும், எந்த நேரத்தில் வரும்?" என்ற ஒரே கேள்வியை மனுவில் வையுங்கள். உயரக் கட்டடமாக இருந்தால் தீயணைப்பு வண்டி சுற்றிவர விட்ட செட்பேக்கில் ராம்ப், ஜெனரேட்டர், பார்க்கிங் கட்டம் எதுவும் வரக் கூடாது. டிரான்ஸ்பார்மர் எங்கே என்று காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காட்டாவிட்டால் கடைசியில் அது கேட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், பார்வையையும் மறைக்கும்.

9. ஆட்சேபனை மனு

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கட்டடமே வரக் கூடாது என்று எழுதாதீர்கள். அவருடைய நிலத்தில் விதிப்படி கட்ட அவருக்கு உரிமை இருக்கிறது, அந்த வரியைப் பார்த்ததுமே அதிகாரி மனுவை மூடிவிடுவார். ஒவ்வொரு குறைக்கும் மூன்று விஷயம்: பிளானில் எந்த இடம், அளவு என்ன, என்ன திருத்தம் வேண்டும். "முன் செட்பேக்கில் உள்ள ஆறு கார் கட்டங்களிலிருந்து ரோட்டுக்குப் பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். அவற்றை நீக்கி, உள்ளே நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல் என்று அமைக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இப்படி இருந்தால் போதும்.

இணைப்பு: அளந்த படம், எண்ணிக்கைத் தாள்களின் நகல், தேதியோடு போட்டோக்கள், கையெழுத்துகள். அனுமதி தரும் அலுவலகம், மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர், அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர், வார்டு கவுன்சிலர் என்று எல்லாருக்கும் ஸ்பீடு போஸ்ட், அல்லது நேரில் கொடுத்து உங்கள் நகலில் சீல். சீல் இல்லாத நகல் பின்னால் எதற்கும் உதவாது. பதில் இல்லையென்றால் 'முதல்வரின் முகவரி' புகார்ச் சேவையின் 1100 எண், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டம். இவற்றில் கிடைக்கும் மனு எண்ணை அடுத்த கடிதத்தில் குறிப்பிடுங்கள். மாதம் ஒரு தகவல் உரிமை மனுவில் "எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்" கேட்டால் கோப்பு நகரும்.

ஒரு கட்டட வரைவாளரையோ சிவில் இன்ஜினியரையோ அரைநாள் உட்காரவைத்து மனுவைச் சரிபார்க்கச் செய்வது நல்ல செலவு. வீட்டுக்கு வீடு சில நூறு ரூபாய் போட்டால் முடிந்துவிடும். நகல், ஸ்டாம்ப், தபால் எல்லாம் சேர்ந்தும் அதைத் தாண்டாது.

10. கட்டி முடிக்கும்போது விட்டுவிடாதீர்கள்

மனு கொடுத்த பலர் இங்கேதான் தோற்கிறார்கள். பிளான் திருந்தியிருக்கும், நிபந்தனையும் போட்டிருப்பார்கள். கட்டும்போது, தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தள ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஷட்டர் முளைக்கும். பேஸ்மென்ட் கிடங்காகும். முன் செட்பேக்கில் டீக்கடை வரும்.

பெரிய வணிகக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் தரக் கூடாது. பார்க்கிங் பிளானில் உள்ளபடி இருக்கிறதா என்று அலுவலகம் வந்து பார்க்கும் நேரமும் அதுதான். அதனால் மேல்தளக் கான்கிரீட் போட்டதுமே அனுமதிப் பிளான் நகலோடு ஒருமுறை தெருவிலிருந்தே ஒப்பிட்டுப் போட்டோ எடுங்கள். மாறுதல் இருந்தால் நிறைவுச் சான்றுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டே எழுதுங்கள், கூடவே மின்வாரியத்தின் உதவிச் செயற்பொறியாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நிறைவுச் சான்று வந்தபிறகு பார்க்கிங்கை மாற்றினாலும் இதே வழியில் புகார் செய்யலாம். நாட்கள்தான் கூடுதலாகும். கடை திறந்து, வாடகைதாரர் வந்து உட்கார்ந்துவிட்டால் இன்னும் கூடும். ஆகவே மேல்தளக் கான்கிரீட் போடும் நாளை இப்போதே விசாரித்து, காலண்டரில் குறித்துவிடுங்கள்.